டேனிஷ் இலக்கணம் எனக்குப் பிடிபட்டது சைக்கிள் கடையில்தான்

“டென்மார்க் வந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்புக்குப் போகிறேன், ஆனாலும் டேனிஷ் இலக்கணம் மண்டையில் ஏறவில்லை. எளிய வழி ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

நீங்களும் என்னைப் போல வேலைக்காகவோ குடும்பத்தோடோ வந்தவராகத்தான் இருப்பீர்கள். அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். கடையில் டேனிஷில் ஆரம்பித்து ஒரு நொடி தடுமாறினால் எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்யத்தான் மாறுகிறார்கள், தெரியும். ஆனால் கற்க வந்தவளுக்குப் பேச வாய்ப்பே இல்லாமல் போய்விடும். முதல் ஒன்றரை வருடம் எனக்கு அப்படித்தான் போனது. வகுப்பில் வானிலை, விடுமுறை, பொழுதுபோக்கு என்று வாக்கியங்கள் எழுதினேன். எழுதியது எதுவும் வாயில் வரவில்லை.

சொல்வதற்கு முன் ஒன்று. டேனிஷ் சொற்களை என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். ஒலியியல் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லின் கடைசியில் நான் ‘த்’ என்று எழுதும் இடங்களில் வருவது அவர்களுடைய மென்மையான ‘டி’. நாக்கு நுனி மேலே எதையும் தொடாமல் கீழேயே கிடக்கும். புதிதாகக் கேட்பவருக்கு ‘ல்’ போலவே இருக்கும். அப்புறம் சைக்கிளுக்கு ‘ஸுக்கெல்’. அதில் வருவது நம்முடைய உகரம் இல்லை. ‘ஈ’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவித்துப் பாருங்கள், வந்துவிடும்.

ஒரு நவம்பர் மாலை. கோபன்ஹேகனில் நோரெப்ரோ பக்கம் மழையில் வந்துகொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. பிள்ளையைக் காப்பகத்தில் இருந்து அழைக்க வேண்டிய நேரம். தள்ளிக்கொண்டே போய், விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு சிறிய கடைக்குள் நுழைந்தேன். சைக்கிள் பழுதுபார்ப்பவரை இங்கே ‘ஸுக்கெல்ஸ்மெத்’ என்பார்கள். ‘ஸ்மெத்’ என்றால் கொல்லர். சைக்கிள் கொல்லர்! அந்தச் சொல்லைக் கேட்ட நாளில் இருந்தே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

வயதானவர். “வா எர் தெர் கால்ட்?” என்றார். என்ன கோளாறு என்று அர்த்தம். “மின் ஸுக்கெல் எர் பொங்டேரெத்” என்றேன். என் சைக்கிள் பஞ்சர். அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. “பவ்யூலெத்?” என்று கேட்டார். பின்சக்கரமா? “ஆமாம், மின் பவ்யூல்” என்றேன். “மிட் பவ்யூல்” என்று தலை நிமிராமலே திருத்தினார். எரிச்சலும் இல்லை, கேலியும் இல்லை.

டயரை நெம்பிக் கழற்றி, கட்டைவிரலை உள்பக்கமாக மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. இடுக்கியால் பிடுங்கி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் கண்ணாடித் துண்டை என் உள்ளங்கையில் வைத்து “கிளாஸ்கோர்” என்றார். உடைந்த கண்ணாடிச் சில்லு. அந்தச் சொல்லை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை. பிறகு டியூபைத் தூக்கிக் காட்டி “ஸ்லாங்ஙென்” என்றார். பிள்ளையின் படப்புத்தகத்தில் ‘ஸ்லாங்ஙெ’ என்றால் பாம்பு. டியூபுக்கும் அதே பெயர்! ஃபிஸ்கெடோர்வெட் அங்காடி பக்கத்தில், தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் வளைந்து போகும் சைக்கிள் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 2014இல் திறந்தார்கள். அதன் பெயர் ‘ஸுக்கெல்ஸ்லாங்ஙென்’. சைக்கிள் பாம்பு என்றும் சைக்கிள் டியூப் என்றும் ஒரே சொல்லில் இரண்டு அர்த்தம். அதில் தினமும் போய்வந்தும் எனக்கு அன்றுதான் புரிந்தது.

விலை கேட்டேன். “டோ ஹுண்ட்ரெத் ஓ ஹல்ஃபெம்ஸ்.” ‘ஃபெம்’ என்றால் ஐந்து, ஆகவே 250 என்று நினைத்து நீட்டினேன். தாளில் 290 என்று எழுதிக் காட்டினார். இவர்கள் 50 முதல் 90 வரை இருபது இருபதாக எண்ணியவர்கள். ஹல்ஃபெம்ஸ் என்றால் ‘ஐந்தாவதில் பாதி’, அதாவது நாலரை இருபது, 90. ஐம்பதுக்குச் சொல் ‘ஹல்ட்ரெஸ்’, இரண்டரை இருபது. வகுப்பில் பட்டியலாகப் படித்தபோது நிற்காதது, 40 குரோனர் குறைந்தபோது நின்றுவிட்டது.

அன்றிரவு ஒரு நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். பிறகு சைக்கிளில் எது கெட்டாலும் ஒரு வாக்கியம். என் வழி இவ்வளவுதான். ஆனால் எழுதியதை அப்படியே விடாமல் திருப்பித் திருப்பி எழுதினேன். இலக்கணம் அங்கேதான் வந்தது.

பிரேக் பிடிக்கவில்லை: “ப்ரெம்சென் விர்கெர் இக்கெ.” ‘இக்கெ’ என்பது ‘இல்லை’, வினைக்குப் பின்னால் வருகிறது. இதற்கு முன்னால் ‘ஃபோர்தி’, அதாவது ‘ஏனென்றால்’, போட்டால் என்ன ஆகும்? “ஃபோர்தி ப்ரெம்சென் இக்கெ விர்கெர்.” இக்கெ தாவி வினைக்கு முன்னால் வந்துவிட்டது. இதை ஒரு பக்க விதியாகப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிரேக்கை வைத்துப் பத்து முறை சொன்னதும் நாக்கு தானாகச் சொல்ல ஆரம்பித்தது. அடுத்து “இ டா”, அதாவது ‘இன்று’, என்று ஆரம்பித்துப் பாருங்கள்: “இ டா எர் மின் ஸுக்கெல் பொங்டேரெத்.” வினை இரண்டாவது இடத்தை விடவே விடாது, எழுவாய்தான் அதன் பின்னால் போக வேண்டும். நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு இரண்டாவதில். ஆங்கிலத்தை நடுவில் வைத்து மொழிபெயர்த்தால் இந்த இடத்தில்தான் தவறு வரும்.

முடிந்த செயலைச் சொல்லும்போது துணைவினையாக ‘எர்’ எங்கே, ‘ஹார்’ எங்கே என்று பலர் குழம்புவார்கள். செயின் கழன்றுவிட்டது: “கேதென் எர் ஹொப்பெத் ஏ.” டியூபுக்கு நான் ஒட்டுப் போட்டிருக்கிறேன்: “யை ஹார் லாப்பெத் ஸ்லாங்ஙென்.” செயின் தானே நகர்ந்தது, அதனால் எர். ஒட்டுப் போட்டது நான், அதனால் ஹார். எல்லா வினைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆரம்பத்துக்கு இது தாங்கும். ரயில் நிலைய வாசலில் வைத்த சைக்கிள் காணாமல் போன அன்று செயப்பாட்டு வினையும் வந்தது: “மின் ஸுக்கெல் எர் ப்லேவெத் ஸ்டியோலெத்.” புகார் கொடுக்கும்போது ஃபிரேம் எண் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கும் சைக்கிளுக்கு 1942 முதலே அந்த எண் கட்டாயம்.

டேனிஷில் பெயர்ச்சொற்கள் ‘என்’, ‘எட்’ என்று இரண்டு கூட்டம். இந்தப் பால் பிரிவுக்கும் சைக்கிளே போதும். சைக்கிள், செயின், டியூப், பிரேக், பம்பு, பூட்டு எல்லாம் ‘என்’ கூட்டம். சக்கரம், டயர், ஹேண்டில்பார், ஃபிரேம் எல்லாம் ‘எட்’ கூட்டம். அதனால்தான் கடைக்காரர் என் ‘மின் பவ்யூலை’ ‘மிட்’ என்று திருத்தினார். குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது அது வாலில் ஒட்டிக்கொள்ளும்: ஸுக்லென், யூலெத். வீடு, வீட்டை, வீட்டில் என்று பேசிப் பழகிய நமக்கு இது கஷ்டமே இல்லை.

“சைக்கிள் கடை டேனிஷை வைத்து அலுவலகத்தில் என்ன செய்வாய்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக் இருந்த இடத்தில் பிரிண்டரை வையுங்கள், அதே வாக்கியம்தான். புத்தகமும் வகுப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டும் இல்லாமல் வெளிநாட்டவருக்கான ‘டேனிஷ் 3’ மொழித் தேர்வில் நான் தேறியிருக்க முடியாது.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், “வெளிநாட்டில் இருந்துகொண்டு இன்னும் சைக்கிளா? ஒரு கார் வாங்க வக்கில்லையா?” என்கிறார்கள். இங்கே கார் பதிவு வரியின் மேல் அடுக்கு 150 சதவீதம் என்று சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. வரிக்காக மட்டும் நான் சைக்கிள் ஓட்டவும் இல்லை. எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எங்கள் மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். கையெழுத்துப் போடக் கற்றதும் சைக்கிள் ஏறியதும் அவருக்கு ஒரே வருடம். அந்த வீட்டுப் பெண்ணிடம் சைக்கிள் கேவலம் என்று சொன்னால் எப்படி வலிக்காமல் இருக்கும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், ஏதாவது ஒன்று சரியில்லாமல்தான் இருக்கும். அதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு கடைக்குப் போங்கள். காலையில் கூட்டம் இருக்கும், மதியத்துக்கு மேல் போவது நல்லது. அவர் ஆங்கிலத்துக்கு மாறினால் “மோ வி டேலெ டான்ஸ்க்?” என்று கேளுங்கள். டேனிஷில் பேசலாமா என்று அர்த்தம். என்னிடம் இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.