மோரியில் விட்டால் எங்கே போகும்?

பெங்களூர் அல்சூரிலிருந்து அக்கா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மர்பி டவுனில் சின்னதாக இட்லிக் கடை நடத்துகிறேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாசல் மோரியில், அதாவது தெருவோரச் சாக்கடையில்தான் விடுகிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் சண்டைக்கு வருகிறார். சாக்கடைத் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது, இதில் என்ன தப்பு?
(வாசகி, மர்பி டவுன்)

பதில்: தங்கச்சி, பெரியவர் சொல்வதுதான் சரி. ஆனால் இதை உனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் இரண்டையும் சாக்கடை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரோட்டுக்கு அடியில் போவது யு.ஜி.டி. குழாய், அதாவது பாதாளச் சாக்கடை. கக்கூஸ், குளியலறை, சமையலறைத் தண்ணீருக்காகப் போட்டது, வாட்டர் போர்டுடையது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. உன் வாசல் மோரி மழைத்தண்ணீருக்கு மட்டும் வெட்டியது, கார்ப்பரேஷனுடையது. மோரி ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் சேரும், ராஜகாலுவே ஏரியில் சேரும். நீ விடும் சாம்பாரும் மாவும் அப்படியே ஏரிக்குப் போகின்றன.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அன்று காலை நடக்கப் போனேன். திருவள்ளுவர் சிலையை நெருங்கும்போதே நாற்றம். கரையோரம் பாய் விரித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சோறு, மாவு, எண்ணெய் எல்லாம் தண்ணீரில் அழுகும்போது, அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சுவிட எதுவும் மிஞ்சாது. அந்தக் காலையிலிருந்து எங்கள் வீட்டுச் சோற்றுப் பருக்கை ஒன்றைக்கூட நான் மோரிக்கு விட்டதில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை வாட்டர் போர்டில் அனுமதி வாங்கி யு.ஜி.டி.யில் சேர்த்துவிடு. நடுவில் ஒரு கிரீஸ் ட்ராப் வை. உள்ளே தடுப்பு வைத்த சின்னத் தொட்டிதான். எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை கீழே தங்கும், நடுத்தண்ணீர் மட்டும் போகும். வாரம் ஒருமுறை வழித்து எடு. இது இல்லாமல் குழாயைச் சேர்க்காதே. போன மாதம் எங்கள் தெருவில் யு.ஜி.டி. குழாயின் ஒரு சேம்பரை, அதாவது மூடி போட்ட குழியைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாயின் வாயைச் சுற்றி எண்ணெய் டால்டா மாதிரி உறைந்து கிடந்தது. ஒரு சொம்பு நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம். அதைச் சுரண்ட ஒரு மனிதரைத்தான் கூப்பிடுகிறார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளைச் சேம்பருக்குள் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறங்கிச் செத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

தட்டை முதலில் வழித்து ஈரக் குப்பையில் போடு, காலையில் வரும் ஆட்டோ எடுத்துக்கொள்ளும். வடை சுட்ட எண்ணெயைக் கேனில் சேர்த்து வை. பயோடீசலுக்கு வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மழை பெய்தாலே எங்கள் தெருச் சேம்பர் பொங்கி, மலத்தண்ணீர் ராஜகாலுவேயில் கலக்கிறது. ஒரு ஆபீஸுக்குப் போனால் இன்னொரு ஆபீஸைக் காட்டுகிறார்கள். யாரைக் கேட்பது?
(வாசகர், ஈஜிபுரா)

பதில்: தம்பி, சேம்பருக்கு வாட்டர் போர்டு, 1916-ல் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். மோரிக்கும் ராஜகாலுவேக்கும் கார்ப்பரேஷன். 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து கார்ப்பரேஷன் ஆகிவிட்டதால், உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மழையில் மட்டும் பொங்குகிறது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். உங்கள் தெரு மொட்டைமாடிகளின் மழைக்குழாய் எங்கே இறங்குகிறது? பல வீட்டில் மேஸ்திரி அதை நேராகச் சேம்பரில் விட்டிருப்பார். 30-க்கு 40 அடி சைட் முழுக்கக் கூரை என்றால், 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,500 லிட்டர் இறங்கும். கிட்டத்தட்ட ஒரு டேங்கர் தண்ணீர், ஒரே வீட்டிலிருந்து! வீட்டுக் கழிவுக்கென்று போட்ட குழாய் இதைத் தாங்குமா? அந்த மழைத்தண்ணீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ இறக்குங்கள். 2009 முதல் இங்கே புது வீட்டுக்கு 30-க்கு 40 சைட்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான்.

எங்கள் தெருவில் இதற்கு நேர்மாறான கோளாறு. கழிவுக்குழாய்கள் மோரியில் சேர்ந்திருந்தன, யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வீட்டுக்காரர்களும் கூடினோம். பீட்ரூட்டை அரைத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, வீடு வீடாகக் குளியலறையில் ஊற்றினோம். மோரி ஓரம் நின்ற பிள்ளைகள் "சிவப்பு வருது அத்தை!" என்று போனில் கத்தும். ஐந்து வீட்டில் சிவப்பு வந்தது. அதில் ஒன்று என் வீடு. எனக்கு அன்றுவரை தெரியாது. கட்டும்போது பக்கத்தில் எந்த ஓட்டை இருந்ததோ அதில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் தெருவைப் படமாக வரைந்து, எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று குறித்து, பதினான்கு கையெழுத்தோடு ஒரே மனுவாகக் கொடுத்தோம். அதற்கு முன்பு தனித்தனியாக எத்தனையோ தடவை நடந்தோம், பலனில்லை. படத்தைப் பார்த்த இன்ஜினியர் அதே வாரம் தெருவுக்கே வந்துவிட்டார். நீங்களும் படத்தோடு போங்கள்.

வார்டு கமிட்டி கூடினால் கட்டாயம் போங்கள். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த இடம் அது. கார்ப்பரேஷன் கவுன்சில் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, பிறகு பல வருடம் தேர்தல் இல்லாமல் ஓடியதே, அப்போது நமக்கு வாய் திறக்கக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. கிடைப்பதை விடக்கூடாது.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் மலை மலையாக நுரை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியுமா?
(விவசாயி, ஓசூர் அருகே)

பதில்: அண்ணா, தெரியும் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் மோரி பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து உங்கள் அணைக்குத்தான் வருகிறது. மேற்குப் பக்கத்துத் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. இரண்டு வழியிலும் கடைசியில் தமிழ்நாடுதான். நுரைக்கு முக்கியக் காரணம் துணி சோப்பு, பாத்திர சோப்பு. தண்ணீர் மேலிருந்து விழும்போது அது பொங்குகிறது. பெல்லந்தூரிலும் 2015-ல் நுரை ரோட்டில் பறந்தது, 2017-லும் 2018-லும் ஏரியே தீப்பிடித்துப் புகைந்தது.

ஓர் உதவி செய்யுங்கள். நுரை வரும் நாட்களைத் தேதி போட்டு, ஒரு போட்டோவோடு இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். இங்கே அந்த நாட்களில் பெய்த மழையைப் பக்கத்தில் எழுதி எங்கள் வார்டு கூட்டத்தில் நானே கொண்டுபோய் வைக்கிறேன்.