ஏர் லைனை ஒருமுறை பாருங்கள்

கேள்வி: உலோக உதிரிபாக ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறது நிர்வாகம். ஆபரேட்டர்களோ ஏர் பிரஷர் போதவில்லை என்கிறார்கள். பெரிய கம்ப்ரசர் வாங்கலாமா, பழைய மோட்டார்களை மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பிரஷர் போதவில்லை, பில்லும் ஏறுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஏர் லைன், அதாவது காற்று போகும் குழாய்கள் மேல்தான். சரியாகக் கவனிக்காத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடும். அமுக்கிய காற்று மலிவும் இல்லை; கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் 10–15 சதவீதம்தான் கருவி முனையில் வேலையாக மாறுகிறது, மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போகிறது. (அந்தக் காற்றில் சட்டைத் தூசி தட்டும் பழக்கம் உங்கள் ஆலையிலும் இருக்கும். ஆபத்தும்கூட, நிறுத்துங்கள்.)

விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். இயந்திரங்களுக்குப் போகும் ஏர் வால்வுகளை மூட வேண்டாம், உள்ளே உள்ள கசிவும் தெரியட்டும். யாரும் காற்று எடுக்காதபோது அது லோடாகவே, அதாவது காற்றை அமுக்கவே கூடாது. ஆனால் ஆகும். லோடில் 1 நிமிடம், அன்லோடில் (அமுக்காமல் சும்மா சுற்றி) 3 நிமிடம் என்று மாறி மாறி ஓடினால், 4-இல் 1 பங்கு, அதாவது 25 சதவீதம் கசிகிறது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவி உள்ள கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் கிளம்புங்கள். கப்ளிங், ஹோஸ் கிளாம்ப், ரெகுலேட்டர், திறந்தபடியே சிக்கிக்கொண்ட, தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் வால்வு இவைதான் வழக்கமான இடங்கள். அடைத்து முடித்ததும் கம்ப்ரசரின் பிரஷர் செட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். 7 பார் அளவில் ஓடுவதில் 1 பார் குறைத்தாலே மின்சாரம் சுமார் 6–7 சதவீதம் மிச்சம். பலரும் இதற்கு நேர்மாறாக, பிரஷர் போதவில்லை என்றதும் செட்டிங்கை ஏற்றுகிறார்கள். கசிவும் கூடவே ஏறுகிறது.

மோட்டார் விஷயம் அவசரமில்லை. எரிந்துபோகும்போது ரீவைண்டிங் செய்வதா, புதிது வாங்குவதா என்று கணக்குப் பாருங்கள். நாள் முழுக்க ஓடுபவற்றுக்குப் பெரும்பாலும் புதிதுதான் லாபம்.

கேள்வி: ஃபேன்களுக்கு விஎஃப்டி போட்டால் பாதி மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: காற்றின் தேவை ஏறி இறங்கினால் ஆகலாம். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். எப்போதும் முழு வேகத்தில்தான் ஓட வேண்டும் என்றால் போடாதீர்கள், விஎஃப்டி தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரம் தின்னும்.