பாதி மாத்திரை வேண்டாம் அம்மா

கேள்வி: என் கணவருக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடுகிறார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்துவிடுகிறார், பனியன் நனைந்துவிடுகிறது, அப்புறம் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா? நோய் திரும்பிவிட்டதோ என்றும் பயமாக இருக்கிறது. – வாசகி, தென்காசி

பதில்: அம்மா, அந்தப் பாதி மாத்திரை வேண்டவே வேண்டாம். இந்த ஊசி நாளடைவில் எலும்பையும் மெலிய வைக்கும். மாத்திரை மயக்கத்தோடு மூன்று மணிக்குப் பாத்ரூம் போகிறவர் ஈரத்தில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டால், அப்புறம் படும் பாடு இதைவிடப் பெரிது.

ராத்திரி வேர்ப்பதை மட்டும் வைத்து நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், அதைக் கண்காணிக்கத்தான் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. காய்ச்சல், எடை குறைவது, விடாத முதுகுவலி, சிறுநீரில் ரத்தம், இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். அவருக்கு வேர்ப்பது பெரும்பாலும் அந்த ஹார்மோன் ஊசியால்தான். அதன் வேலையே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடியோடு குறைப்பதுதான். இந்தப் புற்றுநோய் அதைத் தின்றுதான் வளர்கிறது. உங்களுக்கு மாதவிலக்கு நின்ற சமயத்தில் திடீரென்று குப்பென்று சூடேறி, கழுத்தெல்லாம் வேர்த்து, போர்வையை உதறியிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதேதான் இப்போது அவருக்கு. ஆம்பளைக்கு இப்படியெல்லாம் வருமா என்று கூச்சப்பட்டு டாக்டரிடம் வாயே திறந்திருக்க மாட்டார். இதைக் குறைக்க மருந்து உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். இந்த விஷயத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அடுத்து, அவரை எழுப்புவது வேர்வையா, மூத்திரமா, மனசா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அளவு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜக் ஒன்றைப் பாத்ரூமில் வைத்து, மூன்று நாள் பகலும் ராத்திரியும் எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால், கால் வீக்கம், உப்பு, சாயங்காலம் போடும் பிரஷர் மாத்திரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இப்படி ஏதாவது காரணமாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனால் கதிர்வீச்சால் மூத்திரப்பை எரிச்சல் அடைந்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

திண்ணையில் உட்காருவதைத் தடுக்காதீர்கள். தூக்கம் வராமல் கட்டிலில் புரளுவதைவிட எழுந்து உட்காருவதே நல்லது. தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சையிலும் இது ஒரு பகுதி. கையில் செல்போன் மட்டும் வேண்டாம். கண் சொக்கினதும் வந்து படுக்கட்டும், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கட்டும், மத்தியானத் தூக்கத்தை அரைமணியோடு நிறுத்தட்டும்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். “நல்லா இருக்கேன் டாக்டர்” என்று அவர் எழுந்துவிடுவதற்குள் அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுங்கள்.