நைட் டூட்டி, ஓ.இ.டி. வகுப்பு, தூக்க மாத்திரை: வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 34. இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி, சில வாரம் தொடர்ந்து 6 நைட். முடிந்ததும் 10 மணிக்கு ஓ.இ.டி. (வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு) வகுப்பு. கணவர் மஸ்கட்டில், பிள்ளைகளை மாமியார் பார்க்கிறார். இப்போதெல்லாம் நோயாளி முனகினாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் விடியற்காலை 4 மணிக்கு, இன்சுலின் பம்ப்பில் 4.5 போட வேண்டியதை 45 என்று அழுத்திவிட்டேன். ஸ்டார்ட் கொடுக்கும் முன் கண்ணில் பட்டது. பகலில் தூங்க அல்பிரசோலம் போடலாமா? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: அல்பிரசோலம் வேண்டாம். பகல் 10 மணிக்குப் போட்டால், இரவு 9 மணிக்கும் அதில் ஏறக்குறைய பாதி ரத்தத்தில் இருக்கும். அதோடுதான் மறுபடி பம்ப் முன்னால் நிற்பீர்கள். சில வாரத்தில் அது இல்லாமல் தூக்கமே வராத நிலையும் வரும். ராஜினாமாவையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

வேலையால் உடலும் மனமும் வற்றிப்போகும் இந்த நிலையை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐ.சி.டி.-11 என்ற உலக நோய்ப் பட்டியல் ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராத அழுத்தத்தின் விளைவு என்கிறது. சோர்வு, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அந்த எரிச்சலை வைத்து உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பம்ப் விஷயம் அவசரம். விடியற்காலை 3 முதல் 5 வரை உடல் வெப்பமும் கவனமும் அடிமட்டத்தில் இருக்கும். புள்ளி தவறுவது அப்போதுதான். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் இன்னொரு சிஸ்டர் எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகே ஓட்டுங்கள். மாற்று ஆள் இருந்தால் 2 மணி வாக்கில் 20 நிமிடம் கண்ணயரலாம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்தபின் மந்தமாக இருக்கும். எழுந்த உடனே ஊசி மருந்து கலக்காதீர்கள், 15 நிமிடம் போகட்டும். கட்டன்சாயா 2 மணிக்குப் பிறகு வேண்டாம்.

நைட் முடிந்த காலையில் ஸ்கூட்டரைத் தொடாமல் பஸ்ஸில் போங்கள். வெயில் கண்ணில் பட்டால் மூளை பகல் என்று முடிவுகட்டிவிடும். கூலிங்கிளாஸ் போடுங்கள், முற்றத்தில் துணி துவைக்க நிற்காதீர்கள். இரண்டு இட்லி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போன் மாமியார் கையில். 9.30 முதல் 2.30 வரை தூக்கம், டூட்டிக்குப் போகுமுன் மாலை 5.30-க்கு ஒரு மணி நேரம். கடைசி நைட் முடிந்த அன்று காலை 3 மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, இரவு 9-க்கே படுங்கள். நைட் வாரத்தில் வகுப்பு கூடாது. பரீட்சைத் தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12, சர்க்கரை பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. களைப்பில் அதற்கும் பங்கிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினால் பலன் பாதி போய்விடும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் 6 நைட் தொடர்ந்தால் பழைய நிலைதான். ஆறு வார டூட்டி லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை நைட், ஒவ்வொரு நைட்டும் எத்தனை நோயாளி, எத்தனை மணிக்கு ஹேண்ட் ஓவர் முடிந்தது. அதோடு நர்சிங் சூப்பிரண்டைப் பாருங்கள். 'முடியவில்லை மேடம்' என்று அழுதால் ஆறுதல்தான் கிடைக்கும். தொடர்ந்து 3 நைட், பிறகு 48 மணி நேர ஓய்வு, காலை, மாலை, நைட் என்ற வரிசையில் சுழற்சி என்று கேளுங்கள். பம்ப் விஷயத்தையும் பெயர் சொல்லாமல் அதில் சேருங்கள். நிர்வாகம் கவனிக்கும் வரி அதுவாகவே இருக்கும். ஒரு மாதத்தில் லிஸ்ட் மாறவில்லை என்றால், அப்போது ராஜினாமாவைப் பேசலாம்.

நான்கு நாள் லீவு போட்டும் பிள்ளைகளிடம்கூட மனம் ஒட்டவில்லை, இரண்டு வாரமாக அழுகை நிற்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடு இரவு என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.