லேப்டாப் டிஸ்க்கைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். கோவை ஆபீசுக்கு அடிக்கடி பஸ்ஸில் லேப்டாப்போடு போய் வருகிறேன். பையர் விலை, காஸ்டிங் ஷீட், பேங்க் விவரம் எல்லாம் அதில்தான். விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன், போதாதா? முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்தால் மெதுவாகிவிடுமா?

பதில்: போதாதுங்க. அடிமூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உருவி, வேறொரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியாக மாட்டினால் உங்கள் பாஸ்வேர்டை அது கேட்கவே கேட்காது. ஏதாவது ஃபோல்டர் அனுமதி கேட்டால் ‘கன்டினியூ’ என்று ஒரு கிளிக், அவ்வளவுதான். முழு டிஸ்க்கும் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி எல்லாம் மாற்றி எழுதப்பட்டிருந்தால், எடுத்தவருக்குக் கிடைப்பது வெறும் குப்பை எழுத்து.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போதைய பிராசஸர்களில் இந்த வேலைக்கென்றே தனி வசதி உண்டு. எக்செல், மெயில், டாலி வேலையில் வித்தியாசம் தெரியாது. முதல் தடவை மட்டும், சுழலும் பழைய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். அடாப்டரை மாட்டியே வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபியில் கரண்ட் நிறுத்தும் நாளில் ஆரம்பிக்க வேண்டாம். டிஸ்க்கில் டக் டக் சத்தம் வந்தால் முதலில் எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) மாறிவிடுங்கள். எப்படியானாலும் பேக்கப் எடுத்த பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும்.

உங்களுடையது விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் அதிலேயே பிட்லாக்கர் என்ற என்கிரிப்ஷன் வசதி இருக்கிறது. ஏற்கெனவே பயன்படுத்திவரும் டிஸ்க் என்பதால் ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பதை விட்டுவிட்டு ‘முழு டிரைவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அழித்த ஃபைல்களின் மிச்சம் காலி இடத்தில்தான் கிடக்கும். விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம்.

இனிதான் முக்கியமான விஷயம். பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ (அவசரத்துக்கான சாவி) ஒன்றைத் தரும். பயாஸ் (லேப்டாப்பை முதலில் கிளப்பும் மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, சர்வீஸில் மதர்போர்டு மாற்றினாலோ, ஒரு நாள் காலையில் நீலத் திரை வந்து அதைக் கேட்கும். அது இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது, காந்திபுரத்தில் எந்தக் கடைக்காரராலும் முடியாது. திறந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்படும். அது உங்கள் அக்கவுண்ட்தானா? லேப்டாப் வாங்கிய கடையிலேயே ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு செட்டப் செய்து கொடுப்பது நம் ஊரில் சகஜம். அப்படியானால் சாவி அந்த மெயிலில் இருக்கும், உங்களிடம் இருக்காது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக செட்டப் செய்யும் பல லேப்டாப்களில் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது. இன்றைக்கே உங்கள் அக்கவுண்டில் நுழைந்து கீ இருக்கிறதா பாருங்கள். பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம். கம்பெனி லேப்டாப் என்றால் ஐடி ஆளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்புறம், என்கிரிப்ஷன் காப்பாற்றுவது லேப்டாப் அணைந்திருக்கும்போதுதான். நீங்கள் லாகின் செய்து வேலை பார்க்கும்போது வைரஸ் நுழைந்தால் இது தடுக்காது. மூடியை மட்டும் மடக்கினால் லேப்டாப் தூங்கும், சாவி மெமரியிலேயே இருக்கும். அதனால் பஸ் ஏறும் முன் ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது ஹைபர்னேட்டில் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும் முறை) போடுங்கள்.