கோச்சிடம் யார் பேசுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி பேஸ்பாலில் ஜேவி அணி, அதாவது இரண்டாம் அணி. பிட்சர், அதாவது பந்து வீசுபவன். அவுட்ஃபீல்டும் ஆடுவான். ஒன்பது வயதிலிருந்து கிளப்பில் ஆடுகிறான். கிளப் கட்டணம், தனிப் பயிற்சியாளர், வார இறுதி முழுக்க கார் ஓட்டம் என்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜனவரியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மகனை ஏன் ஆடவிடவில்லை என்று கோச்சிடம் கேட்கக் கூடாது, வேறு பையனைப் பற்றிப் பேசக் கூடாது, எந்தக் குறையானாலும் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் சொல்ல வேண்டும். மார்ச் விடுமுறையில் என் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய் வந்தோம். அதிலிருந்து அவன் பெஞ்சில்தான் இருக்கிறான். பெற்றவனுக்குக் கேட்கும் உரிமை கிடையாதா? அவனோ, ‘நீங்க பேசாதீங்கப்பா’ என்கிறான். முழங்கை வலிக்கிறது என்று தினமும் ஐஸ் வைத்துக்கொள்கிறான், அதையும் கோச்சிடம் சொல்லக் கூடாதாம்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசி வரிதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தத் தாள்.

அது உங்கள் பள்ளியில் மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் ஏராளமான பள்ளி அணிகளில் கிட்டத்தட்ட இதே வாசகங்களில்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். கோச்சுக்குத் தொல்லை வரக் கூடாது என்பது ஒரு காரணம்தான். ஆட்டம் முடிந்த சூட்டில் கார் நிறுத்துமிடத்தில் அப்பா நாலு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மறுநாள் அதே கோச் முன்னால் போய் நிற்பவன் பையன். அதனால்தான் அவன் உங்களைப் பேசாதே என்கிறான்.

கிளப்பில் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், ஆடவிடவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போகலாம். பள்ளி அணியில் அது நடக்காது. அங்கே இடம் விற்பனைக்கு இல்லை. இத்தனை வருடம் செலவு செய்தோமே என்ற உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனின் அப்பாவும் அதே அளவு செலவு செய்திருப்பார், அல்லது செய்ய வழியில்லாமல் இருந்திருப்பார். கோச் அதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் அது பள்ளி அணியாக இருக்காது.

பெற்றோர் பேசக் கூடாது என்பதால் யாருமே பேசக் கூடாது என்று அர்த்தமில்லை. இந்த மாதிரித் தாள்களில் பெரும்பாலும் ஒரு வரிசை இருக்கும். முதலில் பையனே கோச்சிடம் பேச வேண்டும். அதில் தீராவிட்டால் பையனும் பெற்றோரும் சேர்ந்து. அதற்கப்புறம்தான் பள்ளியின் விளையாட்டு இயக்குநர். உங்கள் தாளை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள், இருக்கலாம். நம் வீடுகளில் பிள்ளைக்காக நாமே பேசிப் பழகிவிட்டோம். காலேஜ் சீட்டில் ஆரம்பித்து கல்யாணப் பேச்சு வரை பையன் பின்னால் நிற்பான், அப்பா முன்னால் நிற்பார். பதினைந்து வயதில் ஒருவன் தனியாகப் போய், பயிற்சி முடிந்த ஓர் ஓய்வான நேரத்தில், ‘கோச், எனக்கு ஆட வாய்ப்பு வர நான் எதில் முன்னேற வேண்டும்?’ என்று கேட்பது பெரிய காரியம். பதில் பிடிக்காமல் போகலாம். பந்து நேராக விழவில்லை, பந்தை அடித்ததும் முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடும் வேகம் போதாது என்று ஏதாவது சொல்வார். சரி, அதைக் கேட்டுக்கொண்டு வரட்டும்.

பெஞ்சில் இருப்பதை நீங்கள் தண்டனையாகவே எழுதியிருக்கிறீர்கள். சமீபத்தில் ஒரு ஜேவி ஆட்டம் பார்த்தேன். இரண்டு பேர் அவுட், இன்னொருவர் அவுட்டானால் அணி மாறி ஃபீல்டிங்குக்கு இறங்க வேண்டும். கேட்சர், அதாவது பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவன், முதல் பேஸில் நிற்கிறான். பள்ளி பேஸ்பால் விதிப்படி அவனுக்குப் பதிலாக, ஆட்டத்தில் இறங்காத ஒரு பையனை ஓட அனுப்பலாம், கேட்சர் அதற்குள் கவசம் மாட்டிக்கொள்வான். கோச் திரும்பியபோது ஒருவன் ஹெல்மெட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இன்னொருவன் எழுந்து ஹெல்மெட்டைத் தேடினான். யார் போனான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் கவுண்டரை அழுத்தி ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறவனும் பெஞ்ச் பையன்தான். ஆட்டம் முடிந்து மைதானத்து மண்ணை வாரிச் சமன் செய்வது எல்லாரும் செய்ய வேண்டிய வேலை. வார்சிட்டி, அதாவது முதல் அணிப் பையன்களும் வாரினால்தான் அது நல்ல அணி.

தங்கை கல்யாணத்துக்குப் போனது சரிதான், நானும் போயிருப்பேன். மார்ச் விடுமுறையில் ஆட்டங்கள் இருக்கும் என்று தெரிந்தே போனால், அந்த இடத்தில் ஆடிய பையனை நீங்கள் திரும்பியதும் விலக்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் வேண்டும் என்பது நியாயமில்லை.

இப்போது முழங்கை.

தாளில் உள்ள எந்த விதியும் இதற்குப் பொருந்தாது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், பையனின் அனுமதியும் வேண்டாம். அவன் ஆடுவது எப்போது என்பதை அவன் கேட்கட்டும், கை அவன் பொறுப்பில் விடக் கூடியதல்ல. வலியைச் சொன்னால் இடம் போய்விடும் என்று அந்த வயதில் எல்லாப் பையன்களும் மறைப்பார்கள். அதோடு, எலும்பு இன்னும் வளரும் வயது.

2017 சீசனிலிருந்து அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் பிட்சர் எத்தனை பந்து வீசலாம் என்று ஒவ்வொரு மாநிலமும் கட்டுப்பாடு வைத்திருக்க வேண்டும். டெக்சஸில் ஒரு நாளைக்கு 110. ஆனால் பள்ளி எண்ணுவது பள்ளி ஆட்டத்தை மட்டும்தான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிளப்பில் போட்டது கோச்சுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, 15–16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து என்கிறது. எல்லா அணியும் சேர்த்து 12 மாதத்தில் 100 இன்னிங்ஸைத் (எதிரணியில் மூன்று பேர் அவுட்டாகும் வரை வீசுவது ஓர் இன்னிங்ஸ்) தாண்டக் கூடாது, வருடத்தில் நாலு மாதமாவது போட்டியில் பந்து வீசக் கூடாது என்றும் சொல்கிறது. வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்ட சிறுவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. இந்தக் கூட்டல் கணக்கைப் போடக் கூடியவர் வீட்டில் நீங்கள்தான்.

ஜப்பானில் 2019இல் நடந்ததைச் சொல்கிறேன். ரோகி சசாகி என்ற பள்ளி மாணவன், இவாத்தே மாகாணத் தகுதிச் சுற்றில் ஒரே ஆட்டத்தில் 194 பந்து வீசினான். அரையிறுதியில் 129. மறுநாள் இறுதிப் போட்டியில் கோச் அவனை இறக்கவே இல்லை. பள்ளி 12–2 என்று தோற்றது, கோஷியன் என்ற தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போகும் கனவு போனது. பள்ளிக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். 2022 ஏப்ரலில், இருபது வயதில், அதே சசாகி தொழில்முறை லீகில் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸ் தொடவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். அன்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பையனின் கை மாகாணக் கோப்பையைவிடப் பெரிது என்று முடிவெடுத்த அந்த கோச்சை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் கோச் வலியைப் பற்றித் தெரியாமலேயே நாளைக்கு அவனைப் பந்து வீசும் மேட்டில் ஏற்றலாம். இன்றே அவருக்கும் காயங்களைக் கவனிக்கும் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் எழுதுங்கள். விளையாட்டு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அவர் பார்க்கும் வரை பந்து வீச வேண்டாம், கிளப்பிலும் வேண்டாம். மகன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.