தொழிற்சங்கங்கள் செய்யும் 'உத்திசார் ஆய்வு' என்றால் என்ன? மூணாறு போன்ற தேயிலைத் தோட்டங்களில் அது எதற்கு?

கோரிக்கை வைக்கும் முன், நிறுவனத்தின் உரிமையாளர் யார், வருமானம் எங்கிருந்து வருகிறது, இறுதி முடிவை எடுப்பவர் யார் என்பவற்றைப் பொது ஆவணங்களிலிருந்தும் தொழிலாளரின் அனுபவத்திலிருந்தும் திரட்டுவதே உத்திசார் ஆய்வு. நிலம் வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போன்றது இது.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் தமிழர்களான பெண் தொழிலாளர்கள், 10% போனஸை ஏற்க மறுத்து 20% கேட்டு வேலைநிறுத்தம் செய்து, 8.33% போனஸும் 11.67% கருணைத் தொகையுமாக அதைப் பெற்றார்கள். அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33%, அதிகபட்சம் 20% என்று வரையறுத்திருந்தது. இடைப்பட்ட அளவு நிறுவனத்தின் கணக்கைப் பொறுத்ததாக இருந்தது. ஆகவே, இலாபம் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் கூறும்போது, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான ஆண்டுக் கணக்கைக் கட்டணம் செலுத்திப் பெற்றுப் படித்தவரால்தான் உறுதியாக எதிர்க்கேள்வி கேட்க இயலும். அன்றாடம் பறித்த கொழுந்தின் எடையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பெண்ணின் பதிவையும் அதற்கு இணையான சான்றாகவே நான் மதிக்கிறேன்.

இதனை வேவு பார்த்தல் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் எவரும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்களும் தொழிலாளர் தம் கைப்பட எழுதியவையுமே இதில் பயன்படுகின்றன.